கலைத்திட்டமும் காந்திகிராமமும்

நுழையும்முன்

உலகில் அறியத்தக்க செய்திகள் எண்ணற்றவை. அவற்றுள் சிலவே பாடமாகின்றன; பல பாடமாவதில்லை. எதைக் கற்பிப்பது, எந்த வயதில் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் தேர்ந்து அளிக்கும் விடையே கலைத்திட்டம். அவ்விடையைத் தேடிய முயற்சிகளுள் ஒன்று திண்டுக்கல் சமவெளியில், சிறுமலையின் அடிவாரத்தில் நிகழ்ந்தது. அதன் வழியே கலைத்திட்ட உருவாக்கத்தின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல்

இம்மூன்று சொற்களையும் ஒரே பொருளில் வழங்குவோர் உளர். ஆயினும் இவை வேறுவேறானவை. பள்ளி மாணவருக்கு வழங்க எண்ணும் கற்றல் அனுபவங்கள் அனைத்தின் தொகுப்பே கலைத்திட்டம். வகுப்பறைப் பாடங்களோடு விளையாட்டு, கைத்தொழில், களப்பயணம், மதிப்பீடு ஆகியனவும் அதனுள் அடங்கும். ஒரு வகுப்பில் ஒரு பாடத்தின்கீழ் கற்பிக்க வேண்டிய கருத்துகளின் வரிசை பாடத்திட்டம். அக்கருத்துகளை மாணவரிடம் கொண்டுசேர்க்கும் கருவிகளுள் ஒன்று பாடநூல்.

நீரைச் சான்றாகக் கொள்வோம். நீரின் அருமையுணர்ந்து அதைப் பேணும் குடிமக்களை உருவாக்குதல் கலைத்திட்டத்தின் நோக்கம். நீர்ச்சுழற்சியை இன்ன வகுப்பில் கற்பிக்க வேண்டும் என வரையறுப்பது பாடத்திட்டம். நீர்ச்சுழற்சியை உரையாலும் படத்தாலும் விளக்குவது பாடநூல். நீர்ச்சுழற்சியைப் பிழையின்றி எழுதும் மாணவர், பள்ளியில் ஒழுகும் குழாயை மூடாமல் கடந்து செல்வாராயின், பாடநூல் வென்றது. கலைத்திட்டம் தோற்றது எனலாம்.

நான்கு வினாக்கள்

கலைத்திட்ட உருவாக்கத்தை முறையான துறையாக வளர்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர். 1949ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கலைத்திட்டம் வகுப்போர் விடைகாண வேண்டிய நான்கு வினாக்களை அவர் முன்வைத்தார். பள்ளி அடைய விழையும் நோக்கங்கள் யாவை? அவற்றை அடைய உதவும் கற்றல் அனுபவங்கள் யாவை? அவ்வனுபவங்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது? நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது?

இவ்வினாக்களின் வரிசை கருதத்தக்கது. நோக்கமே முதலில் நிற்கிறது. தேர்வு இறுதியில் வருகிறது. நடைமுறையிலோ தேர்வே தலைமை ஏற்று, வினாத்தாளில் இடம்பெறாதவற்றைக் கற்க வேண்டியதில்லை என்னும் எண்ணத்தை வளர்த்துவிடுகிறது. டைலருடன் பணியாற்றிய ஹில்டா தாபா என்பவர், கலைத்திட்டம் மேலிருந்து இறங்குவதைக் காட்டிலும் ஆசிரியர்களிடமிருந்து மேலெழுவதே சிறப்பு என்று 1962ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். மாணவரின் தேவையை நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே என்பது அவர்தம் கருத்து.

வார்தாவில் உருவான திட்டம்

டைலரின் நூல் வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இவ்வினாக்கள் எழுந்தன. 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வி என்னும் கருத்தை முன்வைத்தார். அதற்குப் பாடத்திட்ட வடிவம் அளிக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிக் கற்பித்தல், ஆக்கம் தரும் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கற்றல் ஆகியன அத்திட்டத்தின் தூண்கள். மாணவர் படைக்கும் பொருள்களால் ஆசிரியரின் ஊதியச் செலவை ஈடுசெய்யலாம் என்னும் கருத்து மிகுந்த விவாதத்திற்கு உள்ளாயிற்று.

இத்திட்டத்தில் கைத்தொழில் தனிப்பாடமன்று; பிற பாடங்களுக்கு வாயில். தக்ளியில் நூல் நூற்கும் குழந்தை, நூலின் நீளத்தை அளக்கையில் கணக்கைக் கற்கிறது. பருத்தி விளையும் கரிசல் மண்ணை அறிகையில் புவியியலைக் கற்கிறது. ஆலைத்துணியின் வரவால் நெசவாளர் வாழ்வு குலைந்ததை அறிகையில் வரலாற்றைக் கற்கிறது. இவ்வாறு ஒரு செயலைப் பல பாடங்களோடு பிணைப்பதைத் தொடர்புபடுத்திக் கற்பித்தல் என்பர்.

சிறுமலை அடிவாரத்தில்

இந்நெறியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்த இடங்களுள் ஒன்று காந்திகிராமம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளபட்டிக்கு அருகில் அது அமைந்துள்ளது. மருத்துவர் சௌந்தரமும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டு அதனை நிறுவினர். இராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர்; காந்தியடிகளின் வழிநின்றவர். ஆதாரக் கல்விப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, மருத்துவப்பணி, கதர்த் தொழில் எனப் பல கிளைகளாக அந்நிறுவனம் விரிந்தது. 1956ஆம் ஆண்டு ஊரக உயர்கல்விக்கான நிறுவனம் அங்குத் தோன்றியது. 1976ஆம் ஆண்டு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு, சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று ஆற்றும் விரிவாக்கப் பணியும் அதன் கடமையாயிற்று. மாணவர் சிற்றூர்களில் தங்கி மக்களோடு பழகிக் கற்பதும் அங்குக் கல்வியின் ஒரு கூறாகும்.

இந்நெறியின் கண்கொண்டு திண்டுக்கல் வட்டாரத்தை நோக்கினால், ஊரே பாடமாவதைக் காணலாம். திண்டுக்கல் பூட்டினுள் நெம்புகோலும் சுருள்வில்லும் இயற்பியலாக இயங்குகின்றன. சின்னாளபட்டித் தறியில் பாவும் ஊடும் கணக்காகின்றன, சாயத்தொட்டி வேதியியலாகிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும், வரத்து மிகும்போது விலை ஏன் வீழ்கிறது என்னும் பொருளியல் வினாவை எழுப்புகின்றன. தோல் பதனிடும் தொழில் பலருக்கு வாழ்வளித்தது; அதன் கழிவுநீர் நிலத்தடி நீரையும் கெடுத்தது. பிழைப்புக்கும் நீருக்கும் இடையிலான இச்சிக்கலைக் கற்கும் மாணவர் வேதியியலோடு குடிமைப் பொறுப்பையும் கற்கிறார்.

உழைப்பு: விடுதலையா, விலங்கா?

கைத்தொழிலைக் கல்வியோடு இணைப்பது எப்போதும் நன்மை பயக்குமா? தமிழக வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. 1953ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையிலான அரசு, ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் மாற்றுத் திட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றல் என்பது அதன் சாரம். குறைந்த நிதியில், இருவேளை முறையில் மிகுதியான குழந்தைகளைப் பள்ளிக்குக் கொணர்தல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. தந்தையின் தொழிலைப் பிள்ளைக்கு விதிக்கும் இத்திட்டம் சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் எனப் பெரியார் உள்ளிட்டோர் எதிர்த்தனர். குலக்கல்வித் திட்டம் என அதனை அழைத்தனர். 1954ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆதாரக் கல்வி, மாற்றுத் திட்டம் ஆகிய இரண்டிலும் கைத்தொழில் உண்டு. வேறுபாடு எங்குள்ளது? முன்னதில் தொழில் பள்ளிக்குள் வந்தது. ஆசிரியரின் வழிகாட்டுதலில், பிறப்பு வேறுபாடின்றி அனைவரும் அதே தொழிலைக் கற்றனர். பின்னதில் குழந்தை பள்ளியிலிருந்து வீட்டிற்கு அனுப்பப்பட்டது. எத்தொழில் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. அனைவரும் கற்கும்போது உழைப்பு அறிவாகிறது. சிலருக்கு மட்டும் விதிக்கப்படும்போது அது விலங்காகிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. கலைத்திட்டத்தில் எழுதப்படாத பகுதியும் கற்பிக்கிறது. அமெரிக்க அறிஞர் பிலிப் ஜாக்சன் 1968ஆம் ஆண்டு இதனை மறைமுகக் கலைத்திட்டம் எனக் குறித்தார். வகுப்பறையைப் பெருக்குபவர் யார், தண்ணீர் கொணர்பவர் யார், ஆசிரியர் யாரை நோக்கி மிகுதியாக வினவுகிறார் என்பன எந்தப் பாடநூலிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் மாணவர் அவற்றை ஆழமாகக் கற்றுவிடுகின்றனர். துப்புரவுப் பணியை அனைவரும் பகிர்ந்து செய்ய வேண்டும் என ஆதாரக் கல்வி வலியுறுத்தியதன் காரணம் இதுவே.

ஆதாரக் கல்வியும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. நகரத்துப் பிள்ளைகள் ஏட்டுக்கல்வி பெற்று உயர்பதவி அடைய, தம் பிள்ளைகளுக்குத் தறியும் தக்ளியுமா எனச் சிற்றூர்ப் பெற்றோர் ஐயுற்றனர். அவ்வையம் நியாயமானதே. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக்குழு, அனைத்து மாணவருக்கும் பணி அனுபவம் வேண்டும் என்றது. அனைவருக்கும் பொதுப்பள்ளி வேண்டும் என்றும் கூறியது. இவ்விரண்டும் இணைந்தே செல்ல வேண்டும் என்பது கருதத்தக்கது.

சுழன்றேறும் பாடம்

டைலரின் மூன்றாம் வினா பாடங்களின் வரிசையைப் பற்றியது. அதற்கு உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1960ஆம் ஆண்டு ஒரு விடை அளித்தார். எந்தக் கருத்தின் சாரத்தையும் எவ்வயதினருக்கும் ஏற்ற வடிவில் கற்பிக்கலாம். பின்னர் உயர் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் அதனை ஆழப்படுத்த வேண்டும் என்றார். இது சுருள்முறைக் கலைத்திட்டம் எனப்படும். தொடக்க வகுப்பில் தோட்டத்தை அடிகளால் அளக்கும் குழந்தை, நடுநிலை வகுப்பில் அதன் பரப்பைக் கணக்கிடுகிறது; உயர் வகுப்பில் முக்கோணவியலால் எட்டமுடியாத மலையின் உயரத்தை அறிகிறது. மலைக்கோட்டையைச் சுற்றி வரும் பாதை ஒவ்வொரு சுற்றிலும் சற்றே உயர்வது போன்றது இது.

பொதுமையும் தனித்தன்மையும்

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு முறைகள் வழக்கில் இருந்தன. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அவை ஒன்றிணைக்கப்பட்டுச் சமச்சீர்க் கல்வி உருவாயிற்று. 2018-2019ஆம் கல்வியாண்டு முதல் புதிய பாடநூல்கள் படிப்படியாக அறிமுகமாயின. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் வலியுறுத்தியிருந்தது.

பொதுப்பாடத்திட்டம் சமநீதிக்கு அரணாகும். வேடசந்தூர் மாணவியும் சென்னை மாணவியும் ஒரே தளத்தில் நின்று போட்டியிட அது வழிவகுக்கும். ஆனால் மாநிலம் முழுமைக்கும் உரிய ஒரு நூல், ஒவ்வோர் ஊரின் கண்மாயையும் தறியையும் சந்தையையும் தன்னுள் அடக்க இயலாது. அவ்விடைவெளியை நிரப்புவோர் ஆசிரியரும் மாணவருமே. பொதுவான அறிவு அனைவருக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். அவ்வறிவுக்கான சான்றுகளை மாணவர் தம் ஊரிலும் காண வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை இழந்தாலும் கல்வி குறைவுபடும். கலைத்திட்டம் குழுவினரின் அறையில் எழுதப்படினும், வகுப்பறையில்தான் நிறைவடைகிறது.

தெரிந்து தெளிவோம்

● ஜாகிர் உசேன் குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகமும் இடம்பெற்றிருந்தனர்.
● மருத்துவர் சௌந்தரம் 1962ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நடுவண் கல்வித்துறைத் துணை அமைச்சராகப் பணியாற்றினார்.
● திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனோடு தொடர்புடைய கணக்கு, அறிவியல், வரலாற்றுச் செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.
2. உங்கள் பள்ளியின் மறைமுகக் கலைத்திட்டம் எவற்றைக் கற்பிக்கிறது என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. கலைத்திட்டம், பாடத்திட்டம் வேறுபடுத்துக.
2. தொடர்புபடுத்திக் கற்பித்தல் என்பது யாது?

சிறுவினா
1. டைலரின் நான்கு வினாக்களை வரிசைப்படுத்தி, நோக்கம் முதலில் நிற்பதன் காரணத்தை விளக்குக.
2. ஆதாரக் கல்வியையும் 1953ஆம் ஆண்டின் மாற்றுத் திட்டத்தையும் ஒப்பிடுக.

நெடுவினா
கலைத்திட்டத்தில் பொதுமையும் வட்டாரத் தன்மையும் ஒருங்கே இடம்பெற வேண்டியதன் தேவையை உங்கள் ஊரின் சான்றுகளுடன் நிறுவுக.