மெய்நிகர் கடைத்தெருவில் ஒரு மூளைப் பரிசோதனை

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களின் வீடுகளில் ஒரு குறை கேட்கும்: "டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னுட்டாங்க. ஆனா எந்த வேலையையும் முழுசா முடிக்க மாட்டேங்கிறாரு." வீட்டார் சொல்வதை நம்ப வேண்டும். திட்டமிடுவது, முதலில் எதைச் செய்வதென்று முடிவெடுப்பது, நினைத்தது நடக்காவிட்டால் வேறு வழி தேடுவது ஆகியவற்றை மூளையின் நிர்வாகத் திறன்கள் என்கிறோம். இவற்றைக் கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகில் சோதிக்கும் முறைகள் வந்துவிட்டன. கூடவே தவறான நம்பிக்கைகளும் வந்திருக்கின்றன.

நம்பிக்கை: மேசை முன் உட்காரவைத்து நடத்தும் தேர்வில் தேறிவிட்டால் மூளையில் குறையில்லை.

உண்மை: 1991இல் லண்டனில் டிம் ஷாலிஸ், பால் பர்கஸ் ஆகிய இரு உளவியலாளர்களும் மூளையின் முன்பகுதியில் காயம்பட்ட மூன்று பேரை ஆராய்ந்தார்கள். மூவரின் நுண்ணறிவும் சராசரிக்கு மேல். அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, ரொட்டி போன்ற சில சாமான்களை வாங்கச் சொன்னார்கள். கிளம்பிய 15 நிமிடத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். சில தகவல்களைக் கேட்டறிந்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும், வாங்குவதற்கன்றி எந்தக் கடைக்குள்ளும் நுழையக் கூடாது என்றெல்லாம் விதிகள். மூவரும் திணறிப்போனார்கள்.

காரணம் இதுதான். மேசைத் தேர்வில் எதிரே இருப்பவரே "இப்போது இதைச் செய்யுங்கள், போதும், அடுத்தது" என்று நடத்திக்கொடுத்துவிடுகிறார். நோயாளி இழந்திருப்பதோ தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் அந்தத் திறனைத்தான். கடைத்தெருவில் அதை இரவல் தர ஆளில்லை. ஆனால் பக்கவாதம் வந்து நடக்க முடியாதவரை எப்படித் தெருவில் விடுவது? அங்கேதான் மெய்நிகர் கடை உதவுகிறது.

நம்பிக்கை: கண்ணை மூடும் தலைக்கருவியை மாட்டினால்தான் மெய்நிகர் சோதனை.

உண்மை: இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'விமால்' என்ற மெய்நிகர் கடையில் நோயாளி தன் உருவத்தையே திரையில் பார்த்தபடி, கையசைத்துப் பொருள்களை எடுக்கிறார். உளவியலாளர் அஷோக் ஜன்சாரி வடிவமைத்த 'ஜெஃப்' சோதனை சாதாரணக் கணினியிலேயே நடக்கும். அதில் நீங்கள் ஓர் அலுவலக உதவியாளர். கூட்டத்துக்கு வேண்டியதைத் தயார்செய்ய வேண்டும், நடுவில் வந்து சேரும் வேலைகளையும் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: படம் தத்ரூபமாக இருந்தால் முடிவும் துல்லியம்.

உண்மை: அழகான படம் எதையும் நிரூபிக்காது. நோயாளியின் அதே வயதும் படிப்பும் உள்ள ஆரோக்கியமானவர்கள் எவ்வளவு மதிப்பெண் எடுக்கிறார்கள், வீட்டில் தெரியும் சிரமத்தோடு நோயாளியின் மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்பவைதான் கேள்விகள். சூப்பர்மார்க்கெட் பக்கமே போகாத, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பட்டியலை நீட்டியே பழகிய பாட்டிக்கு மெய்நிகர் கடைச் சோதனை எந்த அளவுக்குப் பொருந்தும் என்றும் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கணினியே மதிப்பெண் போடுவதால் தவறு நேராது.

உண்மை: பார்வை மங்கல், கைநடுக்கம், மவுஸ் பிடித்துப் பழக்கமில்லாதது, மெய்நிகர் காட்சி உண்டாக்கும் தலைசுற்றல் எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். வீடியோ கேம் ஆடிப் பழகியவருக்குக் கூடலாம். இந்த ஒரு மதிப்பெண்ணை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டக் கூடாது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சோதனை நடக்கவிருந்தால், அவர் எந்த வேலையில் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைச் சில நாள் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுப்பை அணைக்க மறந்தது, பாதியில் விட்ட பில், தவறவிட்ட பேருந்து எல்லாவற்றையும் எழுதி, சோதிப்பவரிடம் கொடுங்கள். மதிப்பெண்ணை அந்தத் தாளோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.