இரண்டு சுழியும் மூன்று சுழியும்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளைக் கையாள்கிறேன். சென்ற ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவன் பாடல், கதை எல்லாம் வாயால் சொல்வான். பென்சிலைக் கொடுத்தால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வான். எழுதச் சொன்னால் மறுநாள் பள்ளிக்கே வரமாட்டான். பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாததைப் பார்த்த பிறகே, விரல்களில் பலம் இல்லை என்பது புரிந்தது. அதற்குள் ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது.

அப்போதுதான் பிசைந்த மாவை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய முக்கால் டம்ளர். தண்ணீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். கையில் ஒட்டாத, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுகிய பதம் போதும். முதல் நாள் கல்லுப்பைப் போட்டுவிட்டேன். பிள்ளைகளின் உள்ளங்கையில் குத்தியது. ஒரு சிறுமிக்கு விரலில் வெட்டுக்காயம் இருந்தது, உப்பு பட்டதும் அழுதுவிட்டாள். இப்போது மாவைத் தருமுன் எல்லார் கையையும் பார்த்துவிடுகிறேன். காயம் உள்ளவர்களுக்கு அன்று களிமண். உப்பு மிகுதி என்பதால் மாவைத் தின்னக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நிறத்துக்கு மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும். சோப்பை நன்றாகக் கழுவாமல் வந்த கைகள் பட்ட இடமெல்லாம் மஞ்சள் மாவு சிவந்தது. அன்றைய பாதிப் பாடவேளை அந்த வேடிக்கையிலேயே போயிற்று, எனக்கு வருத்தமில்லை.

முதல் வாரம் எழுத்தே இல்லை. உருட்டுவது, கிள்ளுவது, கட்டைவிரலால் அழுத்துவது, அவ்வளவுதான். இரண்டாம் வாரம் மாவைத் திரியாக உருட்டி எழுத்து செய்தோம். ட, ப போன்றவை எளிது என்று அவற்றில் தொடங்கினேன். ஆனால் திரியை வளைத்தால் மூலை உருண்டுவிடுகிறது. பிள்ளைகளே திரியை ஒடித்து ட எழுத்துக்கு 2 துண்டு, ப எழுத்துக்கு 3 துண்டு என்று வைத்தார்கள். சுழி உள்ள எழுத்துகள்தாம் மாவுக்கு இசைந்து வந்தன. ன செய்த திரியைப் பிரித்து அதிலேயே ண செய்யச் சொன்னேன். திரி போதவில்லை. “பத்தல டீச்சர், இன்னொரு சுழி வேணும்” என்றான் அந்த மாணவன். இரண்டு சுழி, மூன்று சுழி என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை சொன்னது அன்றுதான் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மாலையில் பேத்தியை அழைக்க வந்த ஒரு பாட்டி, “ஏன் டீச்சர், திங்கிற மாவுல விளையாடலாமா?” என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். அதன்பின் பொம்மை, பழம், விலங்கு எல்லாவற்றையும் மண்பாண்டம் செய்பவரிடம் வாங்கிய களிமண்ணுக்கு மாற்றினேன். மாவு எழுத்துக்கு மட்டும். ஒரு முறை பிசைந்ததை மூடியுள்ள டப்பாவில் வைத்து ஒரு வாரம் பயன்படுத்துகிறோம். கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல வெந்நீர் விட்டால் வழவழப்பாக வரும் என்று சொல்லிக்கொடுத்ததும் அதே பாட்டிதான். வெந்நீர் என்பதால் நானே பிசைந்துவிடுகிறேன்.

சில எழுத்துகளைக் காயவைத்து, விரலால் தடவிப் பார்க்க வைத்திருக்கிறோம். சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போனால் வெடிக்கும். தினமும் திருப்பிப்போட்டு 3 நாள் வெயிலில் காயவிட வேண்டும். ஐப்பசி மழையில் உப்பு ஈரத்தை இழுத்து எழுத்துகள் எல்லாம் நசநசத்துப் போயின. மழைக்காலத்தில் காயவைக்க முயலாதீர்கள்.

டிசம்பரில் அந்த மாணவன் சிலேட்டில் தானாக ண எழுதினான். 4 சுழி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விரலை வைத்து எண்ணிப் பார்த்து அவனே ஒன்றை அழித்தான். இப்போது பொத்தானையும் போட்டுக்கொள்கிறான். கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் தகராறுதான்.