வரிச்சட்டம் பயின்றோர்க்கு அரசுப் பணி

வயலில் நுழையும் யானையை உவமை காட்டி, வரி கொள்வதிலும் அளவு வேண்டும் எனப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றில் பயில்கிறோம். சட்ட அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. இவ்வெல்லையைக் காக்கும் கடமை வரிச்சட்டம் அறிந்தோருடையது.

தருமபுரியில் அரசு சட்டக்கல்லூரி தொடங்கப்பெற்ற 2017ஆம் ஆண்டிலேயே சரக்கு மற்றும் சேவை வரியும் நடைமுறைக்கு வந்தது. 2025இல் புதிய வருமான வரிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆதலின் இன்று இத்துறையில் நுழைவோர் மூத்தோரினும் வெகுவாகப் பின்தங்கியவர் அல்லர்.

வழிகள் இரண்டு. ஒன்று, தேர்வெழுதிப் பெறும் நிலையான பதவி. குடிமைப் பணித் தேர்வு இந்திய வருவாய்ப் பணிக்கும், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 தேர்வு வணிகவரி உதவி ஆணையர் பதவிக்கும் வாயில்களாம். இவற்றை எழுதச் சட்டப்பட்டம் கட்டாயமன்று, ஆயினும் பெருந்துணையாகும்.

மற்றொன்று, வழக்கறிஞராக இருந்தவாறே அரசின் சார்பில் வாதிடுதல். உயர்நீதிமன்றத்தில் வரி வழக்குகளுக்கான சிறப்பு அரசு வழக்கறிஞர், வருமான வரித்துறையின் நிலை வழக்கறிஞர் ஆகியோர் இவ்வகையினர். இது கட்டணம் பெறும் நியமனம். மாதச் சம்பளப் பதவியன்று. இவ்வேறுபாட்டை மாணவரும் பெற்றோரும் முன்னரே அறிதல் நன்று. பல்லாண்டு அனுபவமுடையோர், 1941இல் அமைக்கப்பெற்ற வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினராகவும் உயரலாம்.

அரசின் பொருளும் அமானிதம். குடிகளின் பொருளும் அமானிதம். இரண்டையும் பேணுவோரை நம் வகுப்பறைகளிலிருந்து அனுப்புவோமாக!