ஆயுள் தண்டனை என்றால் எத்தனை ஆண்டு?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஆயுள் தண்டனை என்றால் எத்தனை ஆண்டு?" என்று அரிமளம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், "பதினாலு வருஷம்" என்று தயங்காமல் பதில் வரும். இன்னும் சிலர், சிறையில் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று தனித்தனியாக எண்ணுவார்கள், ஆகையால் ஏழே ஆண்டில் வெளியே வந்துவிடலாம் என்று விளக்கமும் தருவார்கள். இராமர் வனவாசம் போனதும் பதினான்கு ஆண்டுதான் என்பதாலோ என்னவோ, அந்த எண் நம் மக்கள் மனத்தில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

தோழியரே, இரண்டும் தவறு. சிறையிலும் இரவும் பகலும் சேர்ந்ததே ஒரு நாள். ஆயுள் தண்டனை என்பது ஆயுள் முழுவதும்தான். காந்தியடிகள் கொலை வழக்கில் 1949-இல் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, கழிவு நாட்களையெல்லாம் சேர்த்தால் தமக்கு இருபது ஆண்டுகள் முடிந்துவிட்டன, விடுதலை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். அரசு தண்டனையைக் குறைத்தால் ஒழிய, ஆயுள் தண்டனை உயிர் உள்ளவரை நீடிக்கும் என்று 1961-இல் தீர்ப்பு வந்தது.

மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று வரையறுத்த தண்டனைக்குக் கணக்கு எளிது. தீர்ப்புக்கு முன்பே விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் முதலில் கழியும். பிறகு, ஒழுங்காக நடந்துகொண்டு கொடுத்த வேலையைச் செய்தால், மாதத்திற்குச் சில நாட்கள் 'தண்டனைக் கழிவு' கிடைக்கும். இது பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில் நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாட்கள் வரை கழிப்பார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை அங்கே கழித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் பதினான்கு எங்கிருந்து வந்தது? 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவரையும், மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவரையும், உண்மையாகவே பதினான்கு ஆண்டுகள் சிறையில் கழிக்கும் முன் விடுதலை செய்யக்கூடாது என்பது அதன் பொருள். இந்தக் கணக்கில் கழிவு நாட்கள் சேரா. 1980-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் இதுவே 475-ஆம் பிரிவு. பதினான்கு ஆண்டு முடிந்தால் விடுதலையைக் கேட்கலாம் என்பதே தவிர, கதவு தானாகத் திறக்கும் என்பதல்ல.

ஆனால் இந்த வேலிக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அரசியலமைப்பின் 161-ஆம் பிரிவு ஆளுநருக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தருகிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி அவர் அதைப் பயன்படுத்துகிறார். அந்த அதிகாரத்தைப் பதினான்கு ஆண்டு விதி கட்டுப்படுத்தாது. அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் தமிழகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஏழு ஆண்டுகள் முடித்திருந்தாலே போதும் என்று அப்போது வைத்தார்கள். (கடைத்தெருவின் 'ஏழு ஆண்டு' ஒரு முறை மெய்யானது!)

அந்த ஆண்டில் வேலூர்ச் சிறையிலிருந்த நளினிக்குப் பதினேழு ஆண்டுகள் முடிந்திருந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-இல் கைதான அவருக்கு 1998-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2000-இல் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அவருடைய சிறு குழந்தையை எண்ணி அவரைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் கணவரைப் பறிகொடுத்த சோனியா காந்தி அம்மையாரே. ஆனாலும் விடுதலை எளிதில் வரவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த வழக்கு என்பதால் மத்திய அரசின் இசைவு வேண்டும் என்ற தடை ஒருபுறம். 2018-இல் தமிழக அமைச்சரவை செய்த பரிந்துரை ஆளுநர் மாளிகையில் முடிவின்றிக் கிடந்தது மறுபுறம். இறுதியில் உச்ச நீதிமன்றமே 2022 மே மாதத்தில் பேரறிவாளனையும், நவம்பரில் நளினி முதலிய அறுவரையும் விடுவித்தது. ஏழு ஆண்டில் சென்றவரும், முப்பத்தொரு ஆண்டில் சென்றவரும் கழித்த தண்டனையின் பெயர் ஒன்றுதான்.

இன்னொரு விடுதலையும் நம் தமிழகத்தில் நடந்தது. 2000 பிப்ரவரி 2 அன்று, கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து தருமபுரியில் தீ வைக்கப்பட்டது. மூன்று மாணவியர் கருகி இறந்தார்கள். மரண தண்டனை பெற்ற மூவருக்கும் 2016-இல் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய விடுதலையில் அவர்கள் வீடு திரும்பினார்கள். நம்மைவிடச் சில வயதே மூத்த அக்காமார் அவர்கள். கல்விச் சுற்றுலாவிற்குப் பணம் கட்டி அனுப்பிய அந்தப் பெற்றோருக்குத் தலைவர் ஒருவரின் நூற்றாண்டு விழா என்ன ஆறுதல் தரும்?

விடுதலை மனு வரும்போது, தண்டனை விதித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடம் கருத்துக் கேட்பதற்குச் சட்டத்தின் 473-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தைக் கேட்கச் சொல்லும் வரி அதில் இல்லை. அது சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அவர்களே தீர்மானிக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கைதியின் கதி இன்னொரு வகையில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும். கேட்டால் போதும். கேட்டால் எப்போதும் "விடக்கூடாது" என்றுதான் சொல்வார்கள் என்று சிலர் வாதிக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் ஏழைப் பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்ட அருட்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் சமந்தர் சிங் என்ற இளைஞர். ஆயுள் தண்டனை பெற்றார். ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை செல்மி பால் அவர்களும் அருட்சகோதரியே. அவர் 2002-இல் சிறைக்கே சென்று, சமந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி, "நீ என் சகோதரன்" என்று ஏற்றுக்கொண்டார். சபையாரும் குடும்பத்தாரும் அவருடைய விடுதலைக்காக மனுச் செய்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்து 2006-இல் அவர் வெளியே வந்தார். பின்னர் கேரளத்தில் ராணி மரியாவின் பெற்றோர் வீட்டிற்கும் சென்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, கூடியிருந்தவர்களுள் சமந்தர் சிங்கும் ஒருவர்.