கத்தரிக்கோலும் தூரிகைதான்!



என்.எஸ்.எஸ். முகாமில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பையன் பேப்பரையே தொடவில்லை. "எனக்கு வரைய வராதுண்ணே. கலர் பெட்டியும் இல்ல" என்றான். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். 'எனக்கு வராது' என்று நானும் எத்தனையோ தடவை சொன்னவன்தான்.

அவனுக்கு ஹென்றி மத்தீஸ் கதையைச் சொன்னேன். 1869-இல் பிறந்த பிரெஞ்சு ஓவியர். 1941-இல் வயிற்றில் பெரிய ஆபரேஷன். அதன்பின் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. ஓவியத்தை விட்டாரா? இல்லை! உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படமாக்கினார். 1953-இல் உருவான 'நத்தை' 9 அடிக்கு மேல் உயரம், அகலமும் அவ்வளவே! அது லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்முறை:

1. பழைய கல்யாணப் பத்திரிகை, பட்டம் விடும் காகிதம் சேர்க்கவும்.
2. பென்சில் கோடு போடாமல் நேரடியாக வெட்டவும்.
3. துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கவும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வைத்தால் பளிச்சென்று இருக்கும்.
4. பசை கடைசியில்தான்.

நத்தையைக் காப்பியடிக்கச் சொல்லாதீர்கள். முறை மட்டும் மத்தீஸுடையது, படம் பிள்ளையுடையது.

அந்தப் பையன் வெட்டியது அவன் வீட்டு ஆடு. கால் மூணுதான் இருந்தது. "நாலாவது கால் பின்னாடி மறைஞ்சிருக்குண்ணே" என்றான். வகுப்பே கைதட்டியது!

நண்பர்களே, 'வராது' என்பவனிடம் கருவியை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். வரும்!