உப்புக் காற்றுக்கு நிற்கிற கொண்டை

கேள்வி: நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்கிறது. காலை முகூர்த்தம் மண்டபத்தில். மாலை வரவேற்பை அவர்கள் வீட்டெதிரே கடலோரத் திறந்தவெளியில் மேடை போட்டு நடத்துகிறார்கள். எனக்குச் சுருட்டை முடி, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரும். வரவேற்புக்குக் கொண்டை போட ஆசை. “முதலில் ஸ்மூத்தனிங் செய்துகொள், அப்புறம் உச்சியில் தூக்கிப் போட்டு முன்னால் இரண்டு சுருள் இறக்கிவிடலாம்” என்கிறார்கள் பார்லரில். அம்மாவுக்கோ தலை நிறையப் பூ வேண்டும். கடல் காற்றில் எது நிற்கும்?

- வாசகி, புளியந்தோப்பு

பதில்: ஸ்மூத்தனிங் வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

கடற்கரைக் கொண்டைக்குச் சுருட்டை முடிதான் வரம். முடிக்கு முடி பின்னிக்கொண்டு நிற்பதால் ஊசி குத்திய இடத்தில் பிடிமானம் இருக்கும். வழவழவென்று நீட்டிவிட்ட முடியில் ஹேர்பின் மெல்ல மெல்ல நழுவிக் கீழே வரும். கல்யாணப் பெண்ணோ மேடையில் நிமிடத்துக்கு ஒரு முறை குனிந்து நிமிர வேண்டியவள். இன்னொன்றும் உண்டு. முடியை நேராக்கும் கெராட்டின் வகைக் கலவைகள் பலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. ஒரு மாலை வரவேற்புக்காக அதை மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. உங்கள் சுருட்டை உங்கள் அழகு. அதை மறைத்துவிட்டுத்தான் மணப்பெண் ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி இடத்தைப் பார்ப்போம். சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்ததிலிருந்து, கரையோரமாக வடக்கே நகர்ந்து வந்த மணலை அதன் சுவர்கள் தடுத்துவிட்டன. மெரினாவில் மணல்பரப்பு விரிந்தது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. அதனால்தான் உங்கள் மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் நெடுகக் கல் கொட்டியிருக்கிறார்கள். மெரினாவில் அலைக்கும் ஆட்களுக்கும் நடுவே நீண்ட மணல் இருக்கிறது. இங்கே பல இடங்களில் அலை கல்லில் மோதித் தெறிக்கிறது, அந்தச் சாரலைக் காற்று அப்படியே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் எடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்துக் கொண்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் மேடைக்கு வரும் காற்றில் உப்பும் ஈரமும் அதைவிட அதிகம்.

பார்லரில் சொன்ன அந்த முன் சுருள் இங்கேதான் அடிபடும். சூட்டுக் கம்பியால் போட்ட சுருளைப் பிடித்து வைத்திருப்பவை முடிக்குள் இருக்கும் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை அவிழ்ந்துவிடும். உப்போ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுருள் தொய்ந்து கன்னத்தில் ஒட்டும், நீங்கள் படத்துக்குப் படம் அதை ஒதுக்கிக்கொண்டே நிற்பீர்கள். சுருள் வேண்டும் என்றால் உங்கள் சொந்தச் சுருட்டையிலேயே காதோரம் ஒரு கீற்றை விடச் சொல்லுங்கள். அது தானே சுருளும்.

மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் இன்றே கேளுங்கள். படத்தில் கடல் தெரிய வேண்டும் என்று கடலுக்கு முதுகு காட்டித்தான் பெரும்பாலும் போடுவார்கள். அப்படியென்றால் மாலைக் கடற்காற்று உங்கள் பின்னந்தலையில் அடிக்கும். பிடரி முடியைக் கிளப்பி முகத்துக்குக் கொண்டுவரும், தொங்கவிட்ட பூச்சரத்தைத் தோளுக்கு முன்னால் தூக்கிப் போடும். அதோடு, ஆவணி மாலையில் மேற்கிலிருந்து திடீரென்று இடிமழை ஏறி வருவதும் சென்னைக்குப் பழக்கம்தான். அப்போது காற்று நேரெதிராகத் திரும்பும். இரண்டு பக்கக் காற்றையும் தாங்குவது பிடரியை ஒட்டிய தாழ்ந்த கொண்டைதான். உச்சிக் கொண்டை ஏசி மண்டபத்துக்குச் சரி. திறந்தவெளியில் அது ஆட ஆட அடி ஊசிகள் மண்டையை இழுக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குத் தலைவலி வரும்.

போடும் விதம் சொல்கிறேன், அழகுக்கலைஞரிடம் காட்டுங்கள். தலைக்கு முந்தின நாள் குளித்துவிடுங்கள். அன்றைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள், ஊசி நிற்காது. முடியைப் பிடரியில் சேர்த்துக் கெட்டியான ரப்பர் பேண்ட் போட்டு, அதை இரண்டு மூன்று பின்னலாகப் பின்னி, பின்னலைச் சுற்றிக் கொண்டையாக்க வேண்டும். வெறுமனே முறுக்கிச் சுற்றினால் ஒரு ஊசி கழன்றாலும் எல்லாம் பிரியும். பின்னலாக இருந்தால் பிரியாது. உங்கள் நீளத்துக்குக் கொண்டை சிறியதாகத் தெரிந்தால் கொஞ்சம் சவுரி சேர்க்கலாம், அதையும் பின்னலோடு சேர்த்தே பின்ன வேண்டும். மேலே மெல்லிய கறுப்பு வலை. அதன்பிறகு கொண்டை ஊசி. சின்ன ஹேர்பின்களை ஒன்றின் மேல் ஒன்று பெருக்கல் குறியாகக் குத்தச் சொல்லுங்கள், நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்கட்டும். எல்லாம் புது ஊசியாக இருக்க வேண்டும், பெயின்ட் போன பழைய ஊசி உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பட்டு ரவிக்கைக் கழுத்தில் கறை வைக்கும். ஸ்ப்ரே குறைவாகப் போதும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, ஸ்ப்ரே நிறைய அடித்த தலையில் அப்படியே படியும்.

இப்போது அம்மாவின் பூ. அம்மா கேட்பதில் தப்பே இல்லை. நீங்கள் வாழப்போகும் ஊர் பூத்தொடுத்த பெண்ணின் ஊர். ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார் திருவொற்றியூர்க் கோயிலில் இறைவனுக்குப் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்தவர். சுந்தரர் அவரைப் பார்த்ததும், ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்ததும் பெரியபுராணத்தில் வருகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த மகிழம்பூ கிடைத்தால் கொண்டையடியில் ஒரு சுற்று வையுங்கள். சின்னப் பூ, கனமே இராது, காய்ந்தாலும் மணம் போகாது. கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை.

மற்றபடி மல்லியும் கனகாம்பரமும். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் லேசானது, சீக்கிரம் வாடாது. மல்லியை மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, கிளம்பும்போது வைத்தால் வரவேற்பு நடக்கும்போது தலையிலேயே மலரும். தண்ணீர் சொட்டச் சொட்ட மட்டும் வைக்காதீர்கள், அந்தக் கனமே கொண்டையைச் சாய்த்துவிடும். சரமாகத் தொங்கவிடாமல் கொண்டையைச் சுற்றி வேணியாக வைத்து, ஊசி நூலால் பின்னலோடு இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பூக்காரம்மாவிடம் கொண்டையின் சுற்றளவைச் சொன்னால் அளவாகக் கட்டித் தருவார். அது முகூர்த்த நாளாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அலங்காரத்தைப் புளியந்தோப்பில் முடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பேசின் பிரிட்ஜ் தாண்டி, ராயபுரம் தாண்டி, லாரி வரிசையில் மாட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அழகுக்கலைஞரை மாப்பிள்ளை ஊருக்கே அழைத்துப் போய், ஏதாவது ஒரு உறவுக்காரர் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள், அதே சாயங்கால நேரத்தில், இதே கொண்டையோடு அந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். எந்த இடத்தில் பிரிகிறதோ அங்கே இன்னும் இரண்டு ஊசி.

எத்தனை ஊசி குத்தினார்கள் என்பதைக் கேட்டு அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அன்றிரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் அத்தனையையும் எண்ணிக் கழற்றாமல் படுக்க வேண்டாம். மறுநாள் உப்புப் போகத் தலைக்குக் குளித்துவிட்டு, பிறகு தாராளமாக எண்ணெய் வையுங்கள்.