செல்போனில் ஷூ வேலை: ஆம்பூர் பக்கத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கோ தோல் ஷாப்புக்கோ (தோல் பதனிடும் ஆலை) ஆள் போகாத தெரு அரிது. போகாத பெண்கள் பலர் வீட்டிலேயே ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறார்கள். அவர்கள் தொழில் பழகவும் சேர்ந்து வேலை செய்யவும் செல்போன் எப்படி உதவும்?

1. கைத்தையல் கற்றுத்தர வீடியோ எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து எடுக்காதீர்கள். பார்ப்பவருக்கு இடது வலதாகத் தெரியும். தைப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண் பார்ப்பதையே காட்டுங்கள். முகம் வேண்டாம், விரல் போதும். ஊசி எந்தத் துளையில் இறங்குகிறது, நூலை எவ்வளவு இழுத்தால் தோல் அளவாகச் சுருங்குகிறது, எந்த இடத்தில் இழுப்பு கூடினால் மூக்குப் பகுதி கோணிக்கொள்கிறது என்று தைத்தபடியே வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வேலைக்கு ஒரு நிமிட வீடியோ போதும். யூடியூபில் இத்தாலிக்காரர் தைப்பதை ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட, நம் தெருவில் நன்றாகத் தைக்கும் அக்காவின் ஒரு நிமிடம் உபயோகமானது என்பது என் கட்சி.

2. கம்பெனிக்குள் அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அடுத்த சீசன் டிசைன் ஸ்டேட்டஸில் ஏறினால் வேலையே போகலாம்.

3. தையல் சரியா என்று சூப்பர்வைசரிடம் கேட்க அனுப்பும் படத்தில், தையலை ஒட்டி ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கட்டும். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று அவர் அங்கிருந்தே எண்ணிவிடுவார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கும். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள்.

4. தோலின் ஷேடை மட்டும் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும். டியூப்லைட்டில் ஒரு பழுப்பு, வெயிலில் வேறு பழுப்பு. துண்டுத் தோலை நேரில் அனுப்புவதுதான் வழி.

5. ஒரு ஆர்ட்டிகிளுக்கு, அதாவது ஒரு ஷூ மாடலுக்கு, ஒரு வாட்ஸ்அப் குரூப். குரூப்பின் பெயரே ஆர்ட்டிகிள் நம்பராக இருக்கட்டும். ஒப்புதலான சாம்பிளின் படத்தை மேலே பின் செய்துவிடுங்கள். நூல் நிறம் மாறினால் ‘மாற்றம்’ என்று தேதியோடு எழுதிப் போடுங்கள்; அதைப் போடும் உரிமை ஒருவருக்கு மட்டுமே. குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்குக் குடும்ப குரூப் இருக்கிறது.

6. சைஸ் மாற்ற ஏதோ ஒரு ஆப்பை நம்பாதீர்கள். ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் 6.67 மி.மீ. வித்தியாசம், இங்கிலாந்து அளவில் சுமார் 8.46 மி.மீ. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. பையர் கொடுத்த சார்ட்டைப் படமெடுத்து குரூப்பில் வையுங்கள்.

7. தமிழ், உருது, இப்போது வெளி மாநிலத்தவரின் இந்தியும் வங்காளமும் என்று ஒரே குரூப்பில் பல மொழி. எழுத்து தெரியாதவருக்குக் குரல் பதிவு நல்லது. ஆனால் சைஸ், ஜோடிக் கணக்கு, தேதி மூன்றையும் எண்ணில் தட்டச்சு செய்தே அனுப்புங்கள். காதில் வாங்கிய கணக்கு கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

8. வீட்டில் தைப்பவர்கள் தைக்க வேண்டிய கட்டு வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் ஜோடி எண்ணிக்கை எழுதிய சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, வேலை தரும் ஏஜென்டுக்கும் அப்போதே அனுப்பிவிடுங்கள். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து கூகுள் ஷீட்டில் தேதி, ஆர்ட்டிகிள், ஜோடி, ஜோடிக்குக் கூலி என்று நான்கு கட்டம் போட்டுவைத்தால், யாருக்கு என்ன கூலி என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒன்றை ஏஜென்டுகள் விரும்பமாட்டார்கள், அதற்காகவே செய்யலாம்.

9. தோல் ஷாப்புக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு முதலில் காட்ட வேண்டியது கழிவுத் தொட்டி பாதுகாப்பு வீடியோ. அந்தத் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்கக்கூடாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறங்கவே கூடாது.

10. பல வருஷம் தைத்தும் கையில் ஒரு காகிதம் இல்லையா? ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு. தோல் துறைக்கென்று தனி திறன் கவுன்சிலும் இருக்கிறது. ‘ஸ்கில் இந்தியா டிஜிட்டல்’ செயலியில் தேடலாம். வந்த சான்றிதழை டிஜிலாக்கரில் சேமியுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத வீட்டுத் தொழிலாளர்கள் 59 வயது வரை 2021-இல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதியலாம். காசு கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்புங்கள்.

11. சொல்யூஷன் (ஒட்டுப் பசை) டப்பா பக்கத்தில் செல்போனை சார்ஜ் போடாதீர்கள். சொல்யூஷன் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு.